மருந்துக்கும் நேர்ச்சைக்கும் இல்லாத பயணம்

எனக்கு இருபது வயது ஆவதற்குள் நான் போய் வந்த ஊர்களுக்கு எங்கள் தெருவில் வேறு எந்தப் பெண்ணும் போனதில்லை. மதுரை, திருச்சி, வேலூர், நாகூர், ஏர்வாடி என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் ஓர் ஊரையும் நான் பார்த்ததில்லை. மதுரை என்றால் எனக்கு நினைவு வருவது ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவின் சிவப்புத் தரைதான். நாகூரில் அலைச் சத்தம் கேட்டேன், கடலைப் பார்க்கவில்லை. தர்காவில் பாத்திஹா ஓதி முடித்ததும் அத்தா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலைப் பிடிக்க நடந்தார்.

நாலு வயதில் எனக்கு வந்த காய்ச்சல் மூன்று நாளில் இறங்கியது. அது இறங்கியபோது இரண்டு கால்களும் துவண்டு கிடந்தன. இளம்பிள்ளை வாதம் என்று டாக்டர் சொன்னாராம். வீட்டுக்குள் கைகளை ஊன்றி உடம்பை இழுத்து நகர்ந்துகொள்வேன். வாசற்படியைத் தாண்ட வேண்டுமென்றால் ஒருவர் தூக்க வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் அத்தாதான்.

அத்தா திண்டுக்கல்லில் ஒரு தோல்ஷாப்பில் மேஸ்திரி. தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடுவது, எடுத்து மயிர் நீக்குவது, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதப்படுத்துவது எல்லாம் அவர் கண் பார்வையில் நடக்கும். விடுப்பு கிடைத்த நாளெல்லாம் என்னை எங்காவது ஒரு வைத்தியரிடமோ தர்காவுக்கோ கொண்டுபோவார். அவருக்கென்று ஒரு நாளை அவர் செலவழித்து நான் பார்த்ததில்லை.

கடைசியாகப் போனது உத்தமபாளையம் பக்கம் ஓர் எண்ணெய் வைத்தியரிடம். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அறுபதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. நாற்பது நாள் எண்ணெய் போட்டு உருவினார்கள். நாற்பத்தோராவது நாள் வைத்தியர் அத்தாவைத் தனியே கூப்பிட்டு, இனிமேல் இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், இது இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர். அவருக்கு முன்னால் பார்த்த யாரும் அதைச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது வத்தலக்குண்டில் பஸ் நின்றது. எங்கள் ஜன்னலுக்கு எதிரே இன்னொரு பஸ். அதில் ஒரு குடும்பம் கம்பளிப் போர்வை, பிளாஸ்க், கூடை என்று ஏற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கொளுத்தும் வெயிலில் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு சிரித்தார்கள்.

"அவங்க எங்க போறாங்க அத்தா?" என்று கேட்டேன்.

"கொடைக்கானலுக்கு."

"யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

அத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாருக்கும் ஒண்ணுமில்ல தாயி. வெயிலுக்குப் போறாங்க. சும்மா ஏரியப் பாத்துட்டு வந்துருவாங்க."

அந்தப் பஸ் கிளம்பிப் போன திசையில் மலை நீலமாகத் தெரிந்தது. ஒரு காரியமும் இல்லாமல் ஓர் ஊருக்குப் போகலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பஸ் என்றால் ஆஸ்பத்திரி, ரயில் என்றால் நேர்ச்சை என்று வளர்ந்தவள் நான்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. வைத்தியம் நின்றுபோனதால் வெளியே போவதும் நின்றுபோனது. கை மிஷினில் தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொடுத்தபடி ஜன்னலோரம் இருந்தேன். குணமாகாது என்று ஆனபின் வாசலைத் தாண்ட எனக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. அடுத்த கோடையில் ஒருநாள் சோறு சாப்பிடும்போது, கொடைக்கானல் ஏரியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டேன்.

அம்மா பரிமாறிய கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டார். அவர் கோபப்படவில்லை. வயதுக்கு வந்த பெண்ணை யார் தூக்குவது என்றார். அத்தாவுக்கு முன்போல நெஞ்சில் பலமில்லை. உத்தமபாளையத்தில் வண்டியிலிருந்து பஸ்ஸுக்குப் போவதற்குள் என்னை மூன்று தடவை கீழே இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். அந்நிய ஆண் தொட்டுத் தூக்க முடியாது. அண்ணன் பினாங்கில் இருக்கிறான். அம்மா சொன்னது எல்லாமே நியாயம்தான். கடைசியாக அவர் சொன்னது மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"நேர்ச்சைன்னா வழியில நாலு பேரு கை குடுப்பாங்க. ஏரி பாக்கத் தூக்கிட்டுப் போறோம்னா யாரு கை குடுப்பா?"

அத்தா கை கழுவ எழுந்து போனார். நான் கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கோடை கொடுமையாக இருந்தது. ஊரில் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. தோல் பதனிட வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும். தோல்ஷாப்புக் கிணற்றில் சேறு தெரிந்ததும் பத்து நாளைக்கு வேலையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த நாள் காலையில் அத்தா ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகளைத் தொப்பம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். தோல்ஷாப்பில் தொட்டியிலிருந்து நனைந்த தோல்களைத் தூக்கி உலர்த்துமிடத்துக்குச் சுமப்பது அவர் வேலை. விரல்கள் பட்டைச் சாயம் ஏறிச் சிவந்து, சுண்ணாம்பு தின்று வெடித்திருந்தன. வாசலிலேயே நின்றார். அம்மா உள்ளே வரச் சொல்லியும் ஒருமுறை தயங்கி, கால்களைக் கழுவிக்கொண்டுதான் வந்தார்.

அத்தா அவரிடம் விஷயத்தை வழியிலேயே சொல்லியிருந்தார் போல. நேராக என் அருகில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார்.

"என் தோளப் புடிச்சுக்க பாப்பா" என்றார். நான் பிடித்தேன். ஒரே மூச்சில் முதுகில் ஏற்றிக்கொண்டு எழுந்தார். கூடத்தில் இரண்டு தடவை நடந்தார். மூச்சு மாறவில்லை. "நனஞ்ச மாட்டுத்தோலு இதவிடக் கனம் மேஸ்திரி. தூக்கிருவேன்."

அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்தார். எனக்கு அம்மாவின் முகம் தெரியும். சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. பிறகு அம்மா தன்னுடைய வெள்ளைத் துப்பட்டியை எடுத்து, முதுகில் என்னைச் சேர்த்துக் கட்டினால் நழுவ மாட்டேன் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தார்.

பயணத்துக்கு முந்தின நாள் மதியத்தோடு நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் அப்படித்தான். வழியில் ஒதுங்க வேண்டுமென்றால் யாரைக் கேட்பது, எங்கே போவது என்ற பயம் சின்ன வயதிலேயே பழகிவிட்டது. உதடு வெடித்தாலும் தாங்கிக்கொள்வேன்.

விடிந்ததும் குதிரை வண்டியில் பஸ் நிலையத்துக்குப் போனோம். அந்தக் காலத்துப் பஸ்ஸின் முதல் படி நல்ல உயரம். வயதானவர்களே ஆள் பிடித்துத்தான் ஏறுவார்கள். அக்கா (அவரை அப்படித்தான் கூப்பிட்டேன்) என்னை முதுகில் வைத்துக்கொண்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். கண்டக்டர் பார்த்துவிட்டு முன்பக்கம் வரச் சொன்னார். இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மாள் தானாகவே எழுந்து, ஜன்னலோரம் என்னை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்.

"ஆஸ்பத்திரிக்கா பாய்?" என்று கண்டக்டர் கேட்டார்.

"ஆமாங்க" என்றார் அத்தா.

அத்தா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. தோல்ஷாப்பில் ஒரு தோல் குறைந்தால்கூட முதலாளியிடம் போய்த் தானே சொல்லிவிடுகிற மனிதர். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த டாக்டர், எத்தனை வருஷமாக என்று கேட்டார். அவருடைய கை சூடாக, அன்பாக இருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு இல்லம்மா. ஏரி பாக்கப் போறேன்" என்றேன்.

அம்மாளின் கை மெதுவாக விலகியது. இடத்தை அவர் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் மலை ஏறி முடியும்வரை என்னோடு பேசவில்லை. பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், கால் விளங்காததுக்கு ஊர் சுத்துற ஆசை என்று சொன்னது. அவர் யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தாவின் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். கம்பியைப் பிடித்திருந்த கையை மாற்றிப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

செம்பட்டி, வத்தலக்குண்டு கடந்து பஸ் மலையேறத் தொடங்கியது. எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்திருந்தவள், அந்தக் குரலுக்குப் பிறகு வெகு நேரம் மடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதி மலையில் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கினார்கள். அத்தாவும் கை கால் நீட்ட இறங்கினார். பஸ்ஸில் நானும் அக்காவும் மட்டும். கூஜாவைத் திறந்து தண்ணீர் கொடுத்தார். வேண்டாம் என்றேன். வீட்டிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லையே என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எப்பலேருந்து?"

"நேத்து மத்தியானத்துலேருந்து."

அவர் கூஜாவை மூடிவைத்தார். "அப்ப நான் எதுக்கு வந்துருக்கேன் பாப்பா?" என்றார். குரலில் வருத்தம்தான் இருந்தது. உடனே என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கி, சாலையிலிருந்து விலகி ஒரு பாறைக்குப் பின்னால் கொண்டுபோனார். துப்பட்டியைப் புதரில் ஒரு முனையும் தன் கையில் ஒரு முனையுமாகப் பிடித்து மறைத்தார். என்னைத் தாங்கியபடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தன் மகளுடைய மாமியாரைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். எனக்குக் கூச்சம் வராமல் இருக்கத்தான் பேசினார் என்பது எனக்குத் தெரியும். பஸ்ஸுக்குத் திரும்பியதும் கூஜாத் தண்ணீரை முழுக்கக் குடித்தேன். ஒரு பயணத்தில் நான் தாகம் தீரத் தண்ணீர் குடித்தது அதுவே முதல் தடவை. அதன் பிறகுதான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வாழைத் தோட்டங்களுக்குக் கீழே நாங்கள் வந்த சமவெளி வெயிலில் வெளிறிக் கிடந்தது.

பதினொரு மணிக்குக் கொடைக்கானலில் இறங்கினோம். பஸ் நிற்குமிடத்திலிருந்து ஏரிக்குப் போகும் பாதை சரிவு. அக்கா குதிகாலை ஊன்றி ஊன்றி நடந்தார். எதிரே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரத் துரையம்மாகூடக் குதிரையை நிறுத்திப் பார்த்தார். பிறகு மரங்கள் விலகி ஏரி தெரிந்தது.

அதை எப்படிச் சொல்வது என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. பெரிதாக இருந்தது. அமைதியாக இருந்தது. என்னிடம் எதுவும் எதிர்பார்க்காமல் அது பாட்டுக்குக் கிடந்தது. அதுவரை போன இடங்களிலெல்லாம் நான் எழுந்து நிற்கிறேனா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அத்தாவுக்கு என்னைப் படகில் ஏற்ற வேண்டும் என்று ஆசை. படகுத்துறைக்கு ஆறேழு படி இறங்கி, அதற்குக் கீழே ஈரப்பலகையில் நடந்து போக வேண்டும். படிக்கு மேலே நின்றிருந்த ஆள் எங்களைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார். நடக்க முடியாதவர்களை ஏற்றுவதில்லை என்றார். அத்தா தணிந்த குரலில் கேட்டார். தூக்கி உட்கார வைத்துவிடுவோம், அசையாமல் இருப்பாள் என்றார். படகு கவிழ்ந்தால் யார் பதில் சொல்வது என்று அந்த ஆள் கேட்டார்.

"கவுந்தா நீந்தணும். இப்ப போனவங்க எல்லாரும் நீச்சல் தெரிஞ்சவங்களாங்க?" என்றார் அத்தா.

அந்த ஆள் எங்களுக்குப் பின்னால் நின்றவர்களை முன்னால் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். அத்தா விலகி நின்றார். என்னைவிட அவருக்குத்தான் அடி பலமாக விழுந்தது. "பரவால்ல அத்தா, பாத்தாச்சுல்ல" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில் ஆள் நடமாட்டம் குறைந்த இடம்வரை அக்கா என்னைச் சுமந்து போனார். புல்கரையில் இறக்கிவிட்டார். அத்தா ஏரித் தண்ணீரிலேயே கை கால் முகம் கழுவி ஒளுச் செய்து, துண்டை விரித்து மதியத்து லுஹர் தொழுதார். நான் கைகளை ஊன்றிப் புல்லில் சறுக்கித் தண்ணீர் விளிம்புக்குப் போனேன். யாரும் தூக்கவில்லை. தண்ணீர் எலும்புவரை சில்லிட்டது. அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து, வெடித்த விரல்களைத் தண்ணீருக்குள் விட்டார். வெகு நேரம் எடுக்கவே இல்லை.

"இம்புட்டுத் தண்ணி" என்றார். "நம்ம ஊரு கெணறு எல்லாத்தையும் ரொப்பலாம்." பிறகு, தான் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர எந்த ஊருக்கும் போனதில்லை என்று சொன்னார். எனக்குச் சொன்னது போல இல்லை. அப்போதுதான் அவருக்கே தெரிந்தது போல இருந்தது.

கட்டிவந்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஏரியில் பாசி அள்ளும் ஒரு கிழவர் தட்டையான ஓடத்தைக் கழியால் தள்ளிக்கொண்டு கரையோரமாக வந்தார். ஓடத்தில் பச்சைப் பாசி குவிந்திருந்தது. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். அவர் என் கால்களைப் பார்த்தார். ஆனால் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் சோறு கொடுத்தோம். தின்றுவிட்டுக் கை கழுவியவர், "செத்த தூரம் வாறியா தாயி?" என்றார்.

அத்தா பதறி, படகுத்துறையில் நடந்ததைச் சொன்னார். கிழவர் அதைக் கேட்டுக்கொண்டே ஒரு பக்கத்துப் பாசியைக் கரையில் தள்ளி இடம் செய்தார். ஓடத்தைக் கழியால் அழுத்திப் புல்லோடு புல்லாக அணைத்து நிறுத்தினார். கரையும் ஓடமும் ஒரே மட்டம். நடுவில் படி இல்லை, பலகை இல்லை. நான் கையை ஊன்றி, வீட்டில் கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போவது போல, ஓடத்துக்குள் போய்விட்டேன்.

அது மூன்று பேருக்கு மேல் தாங்காது என்றார் கிழவர். அத்தா அக்காவைப் போகச் சொல்லிவிட்டுக் கரையில் நின்றுகொண்டார்.

வெகு தூரம் போகவில்லை. கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அக்கா ஓடத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். மலையில் என்னைச் சுமந்தவருக்குத் தண்ணீரில் பயம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கிழவர் கழியை நிறுத்தினார். மேலே மேகம் இறங்கி, கரையில் நின்ற அத்தா பனியில் மறைந்து மறுபடி தெரிந்தார். துறையிலிருந்து புறப்பட்ட படகு ஒன்று எங்களைக் கடந்து போனது. அதிலிருந்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள், நானும் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வெளியில் யாரும் என்னை அப்படிச் சாதாரணமாகப் பார்த்ததில்லை.

மூன்றரை மணிப் பஸ்ஸில் திரும்பினோம். பஸ்ஸில் அத்தா என் பக்கத்தில் உட்கார்ந்தார். மலை இறங்கி அனல் காற்று முகத்தில் அடித்தபோது சொன்னார்: "காலைல நான் ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிருக்கக் கூடாது தாயி. உனக்கு எடம் கெடைக்கணும்னு சொல்லிட்டேன்." எனக்கு அது தெரியும் என்றேன்.

தெருவில் ஒரு வாரம் இதே பேச்சாக இருந்தது. மலைக்காற்று பட்டுக் காலில் ஏதாவது உணர்ச்சி வந்ததா என்று பலரும் வந்து கேட்டார்கள். இல்லை என்றதும் பிறகு எதற்குப் போனாய் என்றார்கள். அம்மா முதல் நாள் பதில் சொல்லாமல் இருந்தார். இரண்டாம் நாள், அவளுக்குப் பார்க்கணும்னு தோணுச்சு, போனா என்று சொல்லிவிட்டு மாவு சலிக்கத் தொடங்கினார்.

மழை பெய்து தோல்ஷாப்பு திறந்தது. அக்கா மறுபடி தோல் சுமந்தார். விடுமுறை நாளில் வந்து என்னை வெளியே கூட்டிப்போவார். நத்தம் பக்கத்து மாந்தோப்புகளுக்குப் போயிருக்கிறோம், அகரத்தில் ஒரு நாள் முழுக்க வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு வருஷம் கழித்து அவர் மகள் பேறுகாலத்தில் இறந்துபோனாள். கைக்குழந்தையை வளர்க்க அவர் தொப்பம்பட்டிக்கே போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ள வந்தவர் என்னைத் தூக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. தொப்பம்பட்டி அப்படியொன்றும் தூரமில்லை. பஸ் ஏற்றிவிட எனக்கு ஆள் இல்லை.

அத்தாவுக்கு நெஞ்சுச் சளி முற்றிக்கொண்டே வந்தது. கடைசி மாதங்களில் அவரும் எழுந்து நடக்கவில்லை. என் பாய்க்கு எதிரே அவர் கட்டில். தான் நினைத்தபடி எழுந்து போக முடியாமல் இருப்பது என்னவென்று இப்போதுதான் தெரிகிறது என்று ஒருநாள் சொன்னார். பினாங்கிலிருந்து அண்ணன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தான்.

ஒரு மத்தியானம் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"அன்னிக்கி ஏரி நடுவுல எப்படி இருந்துச்சும்மா?" என்று கேட்டார். "நான் கரையில நின்னுட்டேன்ல."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவருக்குச் சொன்னேன். ஓடம் அசைந்த விதத்தை, பாசியின் மணத்தை, அக்கா கண்ணைத் திறக்காமல் இருந்ததை, மேகம் இறங்கி அவர் மறைந்ததையும் மறுபடி தெரிந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நிறுத்தினேன்.

"ம், சொல்லு" என்றார்.